எவ்வளவோ அவ்வளவு: கணினி இயற்கணிதத்தில் பெயரும் மதிப்பும்

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடாகும். மின்னோட்டத்தை வர்க்கித்து மின்தடையால் பெருக்கினால், நொடிக்கு எவ்வளவு வெப்பம் என்பது தெரிந்துவிடும். இயற்பியல் பாடநூல்களில் மின்னோட்டத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ'; மின்தடைக்கு 'ஆர்'. கல்லூரி மாணவர் ஒருவர் இந்த வாய்பாட்டைப் பாடநூலில் உள்ளபடியே மேத்தமேட்டிகா மென்பொருளில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடையாக 'ஆர்' வருகிறது; அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி. கம்பி குளிர்கிறது என்று கணினி சொல்கிறது! பிழைச் செய்தி எதுவும் கிடையாது. மென்பொருள் தன் விதிப்படி சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. அதன் அகராதியில் பெரிய 'ஐ' என்றால் −1இன் வர்க்கமூலம். அதை வர்க்கித்தால் −1. அவ்வளவுதான்.

மாணவருக்கு இயற்பியல் தெரியும். மென்பொருளுக்குக் கணிதம் தெரியும். இருவருக்கும் நடுவில் இருந்த ஒரு பெயரை இருவரும் இருவிதமாகப் புரிந்துகொண்டார்கள். இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரு குறியீட்டுக்கு என்ன பெயர் வைப்பது, அந்தப் பெயரை எந்த நேரத்தில் மதிப்பாக மாற்றுவது என்ற இரண்டு கேள்விகளையும் நாம் மென்பொருள் கையேட்டின் சில்லறை விதிகளாக ஒதுக்கிவிடுகிறோம். அவை இயற்கணிதத்தின் அடிப்படைக் கேள்விகள் என்பதே என் வாதம். அதற்கான வலுவான சான்று பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த ஆய்விலேயே இருக்கிறது.

நிறங்களின் பெயரால்

சாதாரணக் கணிப்பானுக்கு எண் மட்டுமே தெரியும். கணினி இயற்கணித மென்பொருள் அப்படிப்பட்டதன்று. 'க' என்ற எழுத்துக்கு மதிப்பே கொடுக்காமல் க² + 2க + 1 என்று எழுதினால், அதை (க + 1)² என்று காரணிப்படுத்தும். வகைக்கெழு கேட்டால் 2க + 2 என்று சொல்லும். மதிப்பு தெரியாத ஒன்றை, தெரியாததாகவே கையில் வைத்துக்கொண்டு கணக்கிடுவதுதான் அதன் திறமை.

இந்தத் திறமை கணினியோடு பிறந்ததல்ல. கி.பி. 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை எழுதிய பிரம்மகுப்தர், தெரியாத அளவுகளுக்கு நிறங்களின் பெயரைச் சூட்டினார். 1150இல் பீஜகணிதம் எழுதிய இரண்டாம் பாஸ்கரர் அந்த மரபை விரித்துரைத்தார். முதல் அறியாக்கணியத்துக்கு 'யாவத்தாவத்' என்று பெயர். அடுத்தடுத்தவை காலகம், நீலகம், பீதகம், லோகிதகம்: கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது யா, கா, நீ, பீ, லோ என்று முதல் அசை மட்டும். தெரிந்த எண்ணுக்கு 'ரூபம்' என்ற சொல்லிலிருந்து 'ரூ'. வர்க்கத்துக்கு 'வ'. ஆக, ஒரு யாவத்தாவத்தின் வர்க்கமும் பத்து யாவத்தாவத்தும் எட்டும் சேர்ந்த கோவையை 'யா வ 1 யா 10 ரூ 8' என்று எழுதலாம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு செய்திகள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, 'ரூ' என்ற குறி மாறிலிக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது. அதை அறியாக்கணியத்துக்கு வைக்க முடியாது. இன்றைய மென்பொருள்களின் ஒதுக்கப்பட்ட பெயர்களுக்கு இது மூத்த உறவு. இரண்டாவது, 'யாவத்தாவத்' என்பதன் பொருள்: எவ்வளவோ அவ்வளவு. மதிப்பு ஒன்று இருக்கிறது, அது எதுவோ அதுவே, இப்போது கேட்காதே என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. மதிப்பைத் தள்ளிப்போடும் கலையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பெயரை நான் அறியேன். ஐரோப்பாவில் வியேத்து 1591இல் அறியாக்கணியங்களுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். டெகார்த் 1637இல் கொண்டுவந்த எக்ஸ், ஒய், இஸட் வழக்கமே நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது.

ஏற்கெனவே குடியிருக்கும் எழுத்துகள்

மேத்தமேட்டிகாவில் சி, டி, ஈ, ஐ, கே, என், ஓ என்ற ஏழு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்கள். 'டி' வகையிடும், 'என்' எண்மதிப்பைக் கொடுக்கும், 'ஈ' என்பது 2.718 என்று தொடங்கும் மாறிலி. இயற்பியலாளருக்கோ 'ஈ' என்றால் ஆற்றல், 'என்' என்றால் துகள்களின் எண்ணிக்கை, 'சி' என்றால் மின்தேக்குதிறன். 'ஈ'க்கு மதிப்புக் கொடுக்கப் போனால் மேத்தமேட்டிகா மறுத்துவிடும்; அந்தப் பெயர் காப்பிடப்பட்டது என்று செய்தி வரும். மதிப்புக் கொடுக்காமல் சமன்பாட்டுக்குள் 'ஈ' என்று எழுதினால் மறுப்பு வராது. ஆற்றல் இருக்க வேண்டிய இடத்தில் 2.718 உட்கார்ந்திருக்கும்.

பைத்தான் மொழியில் இயங்கும் சிம்பை வேறு பாதையில் போகிறது. அதிலும் ஈ, ஐ, என், ஓ, எஸ், க்யூ ஆகியவை ஒதுக்கப்பட்டவை. ஆனால் பைத்தானில் எந்தப் பெயரையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், 'ஈ'க்குப் புது மதிப்புக் கொடுத்தால் பழைய மாறிலி சத்தமில்லாமல் இடத்தைக் காலிசெய்துவிடும். மேக்ஸிமா என்ற இன்னொரு மென்பொருள் இந்தச் சிக்கலை வெகு எளிதாகத் தீர்த்தது. அதன் எண் மாறிலிகளுக்கு முன்னால் % என்ற குறி உண்டு; ஆகவே தனி எழுத்துகள் பயனருக்கே. மேப்பிள் என்ற மென்பொருளில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'பை' 3.14159 என்று தொடங்கும் மாறிலி. சிறிய எழுத்தில் தொடங்கும் 'பை' மதிப்பில்லாத வெறும் பெயர். திரையில் இரண்டுமே அதே கிரேக்க எழுத்தாகத் தெரியும். சைன் பை சுழியாகவில்லையே என்று மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை இது.

எழுத்துப்பிழையும் இங்கே ஒரு தனி ஆபத்து. மேத்தமேட்டிகாவில் புதுப்பெயர் ஒன்றைத் தட்டிய கணமே அது ஒரு மாறியாகிவிடுகிறது. 'வேகம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வேம்' என்று விழுந்தால், 'வேம்' என்ற புதிய அறியாக்கணியம் பிறந்துவிடும். நெதர்லாந்தின் யோஸ் வெர்மசெரன் உருவாக்கிய 'ஃபார்ம்' என்ற மென்பொருள் இதற்கு இடம் தருவதில்லை. பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு குறியீட்டையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பெயர் வந்தால் நின்றுவிடும். கோடிக்கணக்கான உறுப்புகள் கொண்ட கோவைகளைக் கையாளும் மென்பொருளுக்கு இந்தக் கண்டிப்பு தேவை. ஒரே ஓர் எழுத்துப்பிழை அத்தனை உறுப்புகளுக்குள் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிப்பவர் யார்?

மூன்று வரி, நான்கு மென்பொருள்

பெயரைச் சரியாக வைத்தாயிற்று என்றே கொள்வோம். அடுத்தது மதிப்பு. கீழே உள்ள மூன்று படிகளைப் பாருங்கள். 'க'வுக்கு இதுவரை மதிப்பு இல்லை. முதல் படி: ச என்பது க + 1. இரண்டாவது: க என்பது 2. மூன்றாவது: ச எவ்வளவு?

மேத்தமேட்டிகா 3 என்று சொல்லும். 'ச'வைத் திறந்து க + 1 என்று பார்த்து, அதிலுள்ள 'க'வையும் திறந்து, இனித் திறக்க ஒன்றுமில்லை என்ற நிலைவரை போவது அதன் வழக்கம். மேக்ஸிமா க + 1 என்று சொல்லும். அது ஒரு கதவை மட்டும் திறக்கும், மேலும் திறக்கச் சொல்லித் தனியாகக் கட்டளையிட வேண்டும். மேப்பிளில் நேரடியாகத் தட்டினால் 3. அதே வரிகளை ஒரு செயல்முறைக்குள் உள்மாறிகளாக எழுதினால் ஒரு படி மட்டுமே திறந்து க + 1. சிம்பையும் க + 1 என்றே சொல்லும், ஆனால் காரணம் வேறு. அங்கே 'க' என்ற பைத்தான் பெயர் ஒரு பெயர்ப்பலகை; அது சுட்டிய குறியீடு வேறு பொருள். இரண்டாம் படி பலகையைக் கழற்றி 2 என்ற எண்ணின்மேல் மாட்டியது. 'ச'வுக்குள் இருக்கும் குறியீட்டுக்கு அது தெரியவே தெரியாது. நான்கும் உலகெங்கும் நம்பிப் பயன்படுத்தப்படும் மென்பொருள்கள். ஒரே கேள்விக்கு நான்கு கொள்கைகள்.

ஆகவேதான் இந்த மென்பொருள்களில் 'சமம்' என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள். மேத்தமேட்டிகாவில் = என்று எழுதினால் வலப்பக்கம் அப்போதே கணக்கிடப்படும். := என்று எழுதினால் அது அப்படியே வைக்கப்பட்டு, கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும். 'க' 1ஆக இருக்கும்போது 'ச'வை = கொண்டு க + 1 என்று வைத்துவிட்டுப் பிறகு 'க'வை 5ஆக மாற்றினாலும் 'ச' 2தான். := என்றால் 6. முதலாவது அன்றைய விலையில் போட்ட ரசீது. இரண்டாவது கேட்கும் நாளின் விலையில் போடும் ரசீது.

பெயரை மதிப்பாக்காமல் பெயராகவே நிறுத்திவைக்க மேக்ஸிமாவிலும் மேப்பிளிலும் மேற்கோள் குறி உதவுகிறது. இதன் வேர் ஜான் மெக்கார்த்தி 1958இல் வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில் இருக்கிறது. குறியீட்டு முறையில் வகைக்கெழு காண்பது அவர் முதலில் எண்ணிப்பார்த்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று. மேக்ஸிமாவின் மூதாதையான, எம்.ஐ.டி.யில் 1968இல் தொடங்கிய 'மேக்சிமா' (Macsyma) திட்டம் லிஸ்ப்பில்தான் எழுதப்பட்டது.

மேற்கோளின் வேலையைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. 'பெங்களூரு பெரிய நகரம்' என்கிறோம். இங்கே பெயரைத் தாண்டி ஊருக்குப் போய்விடுகிறோம். 'பெங்களூரு என்ற சொல்லுக்கு ஐந்தெழுத்து' என்கிறோம். இங்கே பெயரிலேயே நிற்கிறோம். 'என்ற' என்ற ஒரு சொல் நம்மை வாசலில் நிறுத்துகிறது. மேக்ஸிமாவின் மேற்கோள் குறி நம் 'என்ற' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. 2014 நவம்பர் 1 அன்று இந்த நகரத்தின் ஆங்கிலப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. பெயருக்கு நேர்வது பொருளுக்கு நேர்வதில்லை என்பதை அன்றாட வாழ்க்கையில் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. திரைக்கு முன்னால்தான் குழம்புகிறோம்.

ஒரே பெயரில் இருவர்

ஒரு வகுப்பில் மூன்று குமார் இருந்தால் எஸ். குமார், ஆர். குமார், வி. குமார் என்று தலைப்பெழுத்தால் பிரிக்கிறோம். கணிதத்தில் இந்தத் தேவை மறைவாக வரும். ஒரு தொடரின் கூட்டலில் 'இ' என்ற சுட்டெண் 1, 2 என்று ஓடுகிறது. உறுப்புகள் 1, 2. கூட்டல் 3, அதன் வர்க்கம் 9. இதைக் கோவையாக விரிக்கும்போது, கூட்டலின் இரண்டு பிரதிகளிலும் அதே 'இ'யை விட்டுவிட்டு ஒரே கூட்டலாக்கினால், 1×1 + 2×2 என்று 5 வந்துவிடும். இரண்டாவது பிரதியின் சுட்டெண்ணை 'ஈ' என்று மாற்றினால்தான் நான்கு பெருக்கல்களும் வந்து 9 கிடைக்கும். பொதுச் சார்பியலில் டென்சர்களோடு மல்லுக்கட்டும் எவரும் இந்தத் தவற்றை ஒருமுறையாவது செய்திருப்பார்கள்.

மென்பொருள்கள் இதற்குத் தலைப்பெழுத்து முறையையே கையாள்கின்றன. மேத்தமேட்டிகாவின் 'மாட்யூல்' உள்மாறியின் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிப் புதுப்பெயராக்கிவிடும். சிம்பையில் 'டம்மி' என்ற வகைக் குறியீடுகள் உண்டு. ஒரே பெயரில் இரண்டை உருவாக்கினாலும் அவை வெவ்வேறானவை. பிரதியிடுவதிலும் இதே கவனம் வேண்டும். க + 2ச என்ற கோவையில் 'க'வையும் 'ச'வையும் இடம்மாற்ற வேண்டும். சிம்பையிடம் இரண்டு மாற்றங்களையும் பட்டியலாகக் கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். முதலில் 'க' எல்லாம் 'ச'வாகி 3ச. பிறகு 'ச' எல்லாம் 'க'வாகி 3க. விடை தவறு. ஒரே நேரத்தில் செய் என்று தனியாகச் சொன்னால் ச + 2க என்று சரியாக வரும். மேத்தமேட்டிகாவின் மாற்று விதி இயல்பாகவே ஒரே நேரத்தில் செய்கிறது.

இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஒரு பாடம்

இவையெல்லாம் தொடக்கநிலைத் தடுமாற்றங்கள், பழகினால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் நடந்த ஆய்வு, இந்தக் கேள்வி எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டுகிறது. அங்குள்ள பி. அனந்தநாராயண், பிரான்ஸின் சாமுவேல் ஃப்ரியோ, அவர்களுடைய சக ஆய்வாளர்கள் ஆகியோர் 2021இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். பல மாறிகள் கொண்ட மெலின்–பார்ன்ஸ் தொகையீடுகளைத் தொடர்களாக மாற்றும் முறை அது. துகள்கள் மோதும்போது என்ன நடக்கும் என்று கணிக்கத் தேவையான ஃபெய்ன்மன் தொகையீடுகளை இந்த வடிவில் எழுதலாம். தொகையீட்டிலுள்ள காமா சார்புகளின் குணகங்களைத் திசையன்களாக வைத்து, அவை உருவாக்கும் கூம்புகள் எங்கெங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பார்த்தால், எந்தெந்தத் தொடர்கள் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். இதைச் செய்ய மேத்தமேட்டிகாவில் 'எம்பி கோனிக்ஹல்ஸ்' என்ற தொகுப்பையும் தந்தார்கள். பல மாறி ஹைப்பர்ஜியாமெட்ரிக் சார்புகளைப் பகுப்புநீட்சி செய்ய 'ஓல்சன்' என்ற தொகுப்பும் இதே குழுவிடமிருந்து வந்தது. 1964இல் இத்தகைய சார்புகளை ஆராய்ந்த ஓல்சனின் பெயர் அதற்கு.

பகுப்புநீட்சி ஏன் தேவை? அப்பெல் எஃப்2 என்ற இருமாறிச் சார்பின் தொடர், இரண்டு மாறிகளின் அளவுகளையும் கூட்டினால் 1க்குக் குறைவாக இருக்கும் இடத்தில் மட்டுமே குவியும். இயற்பியலோ அந்த எல்லைக்கு வெளியிலும் மதிப்புக் கேட்கிறது. வெளியே செல்லும் தொடர்களில் இரண்டு அளபுருக்களின் வித்தியாசம் காமா சார்புக்குள் உட்காரும். காமா சார்பு 0, −1, −2 போன்ற இடங்களில் முடிவிலியாகிவிடும்; இந்த இடங்களே துருவங்கள். அளபுருக்களைப் பெயர்களாக வைத்திருக்கும்வரை துருவங்கள் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனியே நிற்கும். கணக்கு ஒழுங்காகப் போகும். இரண்டுக்கும் 1 என்று முதலிலேயே மதிப்பிட்டுவிட்டால் துருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓர் உறுப்பு முடிவிலி, இன்னோர் உறுப்பு எதிர்முடிவிலி என்று வந்து நிற்கும். கூட்டினால் அவை ஒன்றையொன்று நீக்கி, அளவான விடை மிஞ்சும். ஆனால் கூட்டி முடிக்கும்வரை பெயர் பெயராக இருக்க வேண்டும்.

இதை ஒரு சிறு கணக்கில் காணலாம். 10ஐ எப்சிலான் அடுக்குக்கு உயர்த்தி, 1ஐக் கழித்து, எப்சிலானால் வகுங்கள். எப்சிலான் சுழி என்று முதலிலேயே போட்டால் 0/0. எப்சிலானுக்கு 0.1 கொடுத்தால் 2.589; 0.01 கொடுத்தால் 2.329, 0.001 கொடுத்தால் 2.305. எப்சிலானைக் குறியீடாகவே வைத்து எல்லை கண்டால், மென்பொருள் 10இன் இயல்மடக்கை என்று துல்லியமாகச் சொல்லும்; அதன் மதிப்பு 2.3026. எண்ணாலேயே நெருங்கிவிடலாமே என்று எப்சிலானுக்கு மிகச் சிறிய எண்ணைக் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. கணினியின் வழக்கமான எண்கள் ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியம் கொண்டவை. எப்சிலான் 10இன் −17ஆம் அடுக்கு என்றால், 10இன் எப்சிலான் அடுக்கு 1ஆகவே முழுமையாக்கப்பட்டு, 1ஐக் கழித்தபின் விடை சுழி ஆகிவிடும். நெருங்க நெருங்க உண்மை கிட்டி வந்து, திடீரென்று காணாமல் போகிறது.

குவாண்டம் புலக்கோட்பாட்டில் இந்த எப்சிலான் விளையாட்டுப் பொருளல்ல. இயற்பியலாளர்கள் 'ட் ஹூஃப்ட்டும் வெல்ட்மனும் 1972இல் முன்வைத்த பரிமாண ஒழுங்குமுறையில், காலவெளியின் பரிமாணம் நான்கு என்று எழுதாமல், நான்கிலிருந்து இரண்டு எப்சிலான் குறைவு என்று எழுதுவார்கள். முடிவிலிகள் எல்லாம் எப்சிலானைப் பகுதியாகக் கொண்ட பின்னங்களாகத் திரண்டு, சரியான இயற்பியல் அளவுகளில் நீங்கிவிடும். வெல்ட்மன் 1963இலேயே 'ஸ்கூன்ஸ்கிப்' என்ற குறியீட்டுக் கணக்கு நிரலை எழுதியவர். ஃபார்ம் அதன் வழிவந்தது. இருவரும் 1999இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரிமாணத்துக்கு நான்கு என்று அவசரமாக மதிப்புக் கொடுக்காத பொறுமை அந்தக் கோட்பாட்டின் உயிர்நாடி.

காலியாக இருக்கும் எழுத்துகள்

சிம்பை 2005இல் செக் நாட்டு ஒந்த்ரெய் செர்டிக் தொடங்கிய இலவசத் திட்டம். அதைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் இந்திய மாணவர்களும், இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் உண்டு. விலைகொடுத்து மென்பொருள் வாங்க முடியாத கல்லூரிகளுக்கு இதுவும் மேக்ஸிமாவும் பெரும் துணை. பைத்தான் 2008இல் வெளியான 3.0 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளில் மாறிப் பெயர் வைக்க இடம் தருகிறது. ஆகவே சிம்பையில் தமிழிலேயே இயற்கணிதம் செய்யலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'கொள்ளளவு' என்ற சொல்லின் முதலெழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறிமுறையாக, அல்லது கொம்பு, கால் என்று இரண்டாக. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. மாறிப் பெயர்களைப் பைத்தான் ஒழுங்குபடுத்தி இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். சிம்பை குறியீட்டின் பெயரோ மேற்கோளுக்குள் வரும் வெறும் எழுத்துச்சரம். அதை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை. பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து வந்த கொள்ளளவையும் நேரடியாகத் தட்டிய கொள்ளளவையும் குறியீடுகளாக்கிக் கழித்தால், சுழி வராது. 'கொள்ளளவு − கொள்ளளவு' என்று திரையில் அப்படியே நிற்கும். தமிழில் எழுதும்போது எளிதில் நேரக்கூடிய பிழை. குறியீட்டை ஒரே ஒரு முறை உருவாக்கி, பிறகு அந்த மாறியையே எங்கும் பயன்படுத்தினால் இதிலிருந்து தப்பலாம்.

நம் கல்லூரிகளில் இந்த மென்பொருள்களைக் கற்பிக்கும்போது கட்டளைகளைச் சொல்லித்தருகிறோம். பெயரையும் மதிப்பையும் பற்றிப் பேசுவதில்லை. முதல் வகுப்பிலேயே அந்த மூன்று வரிக் கேள்வியைக் கேட்டு, மாணவர்கள் விடையை ஊகித்த பிறகு மென்பொருளில் ஓட்டிக் காட்ட வேண்டும். கணக்கைத் தொடங்கும்முன் பழைய மதிப்புகளை அழிப்பதும், எண்ணைக் கடைசிப் படியில் மட்டும் இடுவதும் கைப்பழக்கமாக வேண்டும். பெயர்களை முழுச் சொல்லாக வைக்கவும் பழக்க வேண்டும். அதற்குத் தமிழ் தயாராக இருக்கிறது. ஆங்கிலத்தின் ஒற்றைப் பெரிய எழுத்துகளில் பலவற்றை மாறிலிகளும் கட்டளைகளும் பிடித்துக்கொண்டன. தமிழில் எந்த எழுத்தையும் இந்த மென்பொருள்களில் எதுவும் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளவில்லை.

தொடக்கத்தில் பார்த்த மாணவர் சிம்பையில் 'மின்னோட்டம்', 'மின்தடை' என்று இரண்டு குறியீடுகளை உருவாக்கட்டும். முன்னதை வர்க்கித்துப் பின்னதால் பெருக்கட்டும். மின்னோட்டத்தின் வர்க்கமும் மின்தடையும் அப்படியே அருகருகே நிற்கும். இரண்டும் எவ்வளவோ அவ்வளவு. மதிப்பு வரும்போது கம்பி சூடாகும்.